போர்க்களத்துச் சாலையோரப் பலகையைப் படிப்பது எப்படி? அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்த ஒரு தொடக்க விளக்கம்

வர்ஜீனியா, ஜார்ஜியா, டென்னஸி, பென்சில்வேனியா மாநிலங்களில் கார் ஓட்டுகிறவர்கள் கண்ணில் இந்தப் பலகைகள் அடிக்கடி படும். ஒரு கம்பம், அதன் மேல் உலோகத் தகடு, உச்சியில் மாநில முத்திரை, அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வரிகள். வட மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் இடையே 1861 ஏப்ரல் முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று அது சொல்லும். சென்டர்வில், ஃபேர்ஃபாக்ஸ், அட்லாண்டா புறநகர் எனத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதிகளில், வீட்டுக்கும் மளிகைக் கடைக்கும் நடுவிலேயே இப்படி நாலைந்து பலகைகள் இருக்கக்கூடும்.

பலரும் அதை ஒரு தகவல் பலகையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்ன தேதியில் இன்ன சண்டை, அவ்வளவுதான் என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பலகையிலும் இரண்டு காலங்கள் இருக்கின்றன: சண்டை நடந்த காலம், பலகை நட்ட காலம். நடுவில் சில சமயம் இருபது ஆண்டு, சில சமயம் நூறாண்டுக்கும் மேல் இடைவெளி. எதை எழுதினார்கள், எதை விட்டார்கள், எங்கே நட்டார்கள் என்பதெல்லாம் இரண்டாவது காலத்தின் முடிவுகள். இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்துகொண்டால், அந்தப் பத்து வரிகளிலிருந்து கிடைப்பது பல மடங்கு கூடும்.

என்னென்ன வகை

முதல் வகை, போரில் நேரடியாகச் சண்டையிட்டவர்களே நிறுத்திய கற்கள். 1880களில் வடதரப்பு வீரர்களின் சங்கங்கள் கெட்டிஸ்பர்க் போன்ற களங்களில் இவற்றை நிறையவே நட்டன.

இரண்டாவது, அரசின் போர்த்துறை வைத்த தகடுகள். 1890இல் சிக்கமாகா–சாட்டனூகாவில் தொடங்கி, ஆன்டீட்டம், ஷைலோ, கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் என ஒன்றன்பின் ஒன்றாகக் களங்கள் அரசின் பொறுப்புக்கு வந்தன. எந்தப் படை எங்கே நின்றது, எந்த நேரத்தில் நகர்ந்தது என்பதை மட்டும் வறட்சியான நடையில் எழுதிய வார்ப்பிரும்பு, வெண்கலத் தகடுகள் இவை. 1933இல் இந்தக் களங்கள் தேசியப் பூங்காத் துறைக்கு மாறின.

மூன்றாவதுதான் நாம் முதலில் சொன்ன கம்பத்துப் பலகை. கார் பெருகிய பிறகு வந்தது. தென்தரப்பின் தலைநகராக இருந்த வர்ஜீனியாவின் ரிச்மண்டைச் சுற்றி 1920களில் டக்ளஸ் சதர்ன் ஃப்ரீமன் என்ற பத்திரிகையாசிரியரின் முயற்சியில் கல்பீடத்தில் பதித்த பலகைகள் வந்தன. இன்றும் அவற்றை 'ஃப்ரீமன் மார்க்கர்' என்றே அழைக்கிறார்கள். வர்ஜீனியா மாநிலம் 1927இல் ரூட் 1 நெடுஞ்சாலையோரம் தன் முதல் பலகைகளை நட்டது. வட கரோலினா 1935இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. பென்சில்வேனியாவின் நீலமும் பொன்னிறமும் கலந்த பலகைகள் 1946 முதல் வருபவை.

நான்காவது, இடுப்புயரத்தில் சாய்வாக, படமும் வரைபடமுமாக இருக்கும் விளக்கப் பலகை. சாலையில் சிறிய ஊதுகொம்புச் சின்னம் போட்ட வழிகாட்டியைப் பார்த்தால் அது 'சிவில் வார் டிரெயில்ஸ்' அமைப்பினுடையது. 1990களில் வர்ஜீனியாவில் தொடங்கி அண்டை மாநிலங்களுக்கும் பரவிய ஏற்பாடு அது. புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் இந்த நான்காவது வகையிலிருந்து தொடங்குவது நல்லது. வரைபடம் இருப்பதால் திசை குழம்பாது.

பலகையின் உறுப்புகள்

கம்பத்துப் பலகையின் உச்சியிலோ ஓரத்திலோ ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். வர்ஜீனியாவில் அந்த எழுத்து பெரும்பாலும் அது நிற்கும் சாலைத் தடத்தைக் குறித்தது. ஒரே தலைப்பில் பல பலகைகள் இருக்கலாம் என்பதால், ஒரு பலகையைப் பற்றி யாரிடமாவது பேசவேண்டுமானால் இந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு தலைப்பு, அதன் கீழ் உரை. வர்ஜீனியாவில் உரை சுமார் நூறு சொற்கள். வட கரோலினாவில் ஐந்தாறு வரிகளோடு முடித்துக்கொள்வார்கள். வண்டியை நிறுத்தாமலே படிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். சில மாநிலங்களில் இரண்டு பக்கமும் ஒரே உரை இருக்கும், சிலவற்றில் பின்பக்கம் தொடர்ச்சி. 'மறுபக்கம் பார்க்க' என்ற சின்ன வரியைக் கவனிக்காமல் பாதிக் கதையோடு திரும்புகிறவர்கள் நிறைய.

கடைசி வரி மிக முக்கியம். பலகை வைத்த அமைப்பின் பெயரும் ஆண்டும் அங்கேதான் இருக்கும். உரையைப் படிக்கும் முன்பே இந்த வரியைப் படித்துவிடுங்கள்.

உரையைப் படிக்கும் முறை

முதலில் தேதி. ஒரே மண்ணில் இரண்டு மூன்று சண்டைகள் நடந்த இடங்கள் பல. மனாசஸில் 1861 ஜூலை 21இல் ஒரு சண்டை. 1862 ஆகஸ்ட் 28 முதல் 30 வரை இன்னொன்று. ஒரே குன்று, ஒரே ஓடை, ஒரே சாலைச் சந்திப்பு. முதல் சண்டையின் பலகையும் இரண்டாவதன் பலகையும் கூப்பிடு தூரத்தில் நிற்கும். ரிச்மண்டுக்கு வெளியே 1862இன் கெய்ன்ஸ் மில்லும் 1864இன் கோல்ட் ஹார்பரும் பக்கத்துப் பக்கத்துக் களங்கள். ஆண்டைக் கவனிக்காமல் படித்தால், ஒரே தளபதி ஒரே மேட்டில் ஒரு பலகையில் வெல்வார், அடுத்ததில் தோற்பார், ஒன்றும் புரியாது.

அடுத்து பெயர். ஒரே சண்டைக்கு இரண்டு பெயர் இருக்கும். வடதரப்பு பெரும்பாலும் அருகிலிருந்த ஓடை, ஆற்றின் பெயரை வைத்தது. தென்தரப்பு ஊர்ப் பெயரை வைத்தது. புல் ரன் என்பதும் மனாசஸ் என்பதும் ஒன்றே. ஆன்டீட்டம் ஓடைதான், ஷார்ப்ஸ்பர்க் ஊர். ஸ்டோன்ஸ் ரிவரும் மர்ஃப்ரீஸ்பரோவும் அப்படியே. பலகை எந்தப் பெயரைத் தலைப்பாக வைத்திருக்கிறது என்பது, அதை எழுதியவர் எந்தப் பக்கத்து ஆவணங்களோடு வளர்ந்தவர் என்பதற்கு ஒரு சிறு துப்பு.

படைகளின் பெயரிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'ஆர்மி ஆஃப் த டென்னஸி' வடதரப்புப் படை, ஆற்றின் பெயர் கொண்டது. 'ஆர்மி ஆஃப் டென்னஸி' தென்தரப்புப் படை, மாநிலத்தின் பெயர் கொண்டது. நடுவில் ஒரே ஒரு சின்னச் சொல் வித்தியாசம். அவசரமாகப் படித்தால் எதிரெதிர்ப் படைகள் ஒன்றாகிவிடும். ஆள் பெயர்களும் அப்படித்தான். தென்தரப்பின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ். வடதரப்பில் ஜெஃபர்சன் சி. டேவிஸ் என்றே ஒரு ஜெனரல் இருந்தார். ஹில் என்ற பெயரில் தென்தரப்பிலேயே ஏ.பி., டி.எச். என இருவர். லீ என்றாலே ராபர்ட் ஈ. லீ என்று எண்ணக் கூடாது. ஃபிட்ஸ்ஹ்யூ லீ, ஸ்டீபன் டி. லீ என்று பலர் உண்டு.

பிறகு படைப் பிரிவுகள். இதைப் புரிந்துகொள்ளாமல் எந்தப் பலகையும் முழுதாகப் பிடிபடாது. காகிதக் கணக்கில் ஒரு கம்பெனிக்கு நூறு பேர், பத்துக் கம்பெனி ஒரு ரெஜிமெண்ட். அதாவது ஆயிரம் பேர். நோயும் காயமும் ஓட்டமும் போக, 1863 வாக்கில் பெரும்பாலான ரெஜிமெண்ட்களில் முந்நூறு நானூறு பேர்தான் களத்தில் நின்றார்கள். நாலைந்து ரெஜிமெண்ட் சேர்ந்தால் பிரிகேடு, சில பிரிகேடு சேர்ந்தால் டிவிஷன், சில டிவிஷன் சேர்ந்தால் கோர். வடதரப்பில் கோர்களுக்கு எண். தென்தரப்பில் பிரிகேடுக்கும் டிவிஷனுக்கும் தளபதியின் பெயரே பெயர். அந்தத் தளபதி மாண்டோ காயப்பட்டோ போன பிறகும், வேறொருவர் நடத்தும்போதும், பழைய பெயரே நீடித்தது உண்டு. ஆகவே 'இன்னாரின் பிரிகேடு இங்கே தாக்கியது' என்று பலகை சொன்னால், அவர் நேரில் இருந்தார் என்று முடிவுகட்டாதீர்கள்.

அதற்குப் பிறகு எண்ணிக்கை. கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாளில் இரு தரப்பிலுமாக 'இழப்பு' சுமார் 51,000 என்று எழுதியிருக்கும். அது செத்தவர்களின் கணக்கு அல்ல. கொல்லப்பட்டவர், காயப்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் நால்வரையும் கூட்டியது. களத்திலேயே இறந்தவர்கள் 7,000க்குச் சற்று மேல். ஆன்டீட்டத்தில் 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் இழப்பு சுமார் 23,000. அதில் உடனே இறந்தவர்கள் சுமார் 3,600. காயப்பட்டவர்களில் பலர் பின்னர் மருத்துவக் கூடாரங்களில் இறந்தார்கள், அவர்கள் முதல் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். இணையத்தில் 'கெட்டிஸ்பர்க்கில் 51,000 பேர் மாண்டார்கள்' என்று பரவுவது இந்த ஒரு வரியைத் தவறாகப் படித்ததன் விளைவு.

கடைசியாக இடம். 'இங்கே', 'இதன் அருகில்', 'ஒன்றரை மைல் கிழக்கே' ஆகிய சொற்களை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். கம்பத்துப் பலகை சாலைக்குச் சொந்தமான ஓர இடத்தில்தான் நிற்க முடியும். வயலுக்குள்ளோ தனியார் தோட்டத்திலோ நட முடியாது. வண்டி நிறுத்த இடம், வளைவில் பார்வை மறையாமை, அடியில் போகும் குழாய்கள் எல்லாம் பார்த்து நடுவார்கள். ஆகவே சண்டை நடந்த மேடு அரை மைல் தள்ளியிருக்கலாம். சாலை அகலப்படுத்தியபோது பலகையைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டிருந்தால், உரையிலுள்ள 'வலப்பக்கம்' என்பதே பொய்யாகிவிடும். திசைச் சொல்லை மட்டும் நம்பாமல், பலகை குறிப்பிடும் ஓடையையோ தேவாலயத்தையோ வரைபடத்தில் தேடிப் பிடித்து, அங்கிருந்து கணக்கிடுங்கள். போர்க்காலச் சாலையும் இன்றைய சாலையும் ஒன்றேயா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய சாலை பக்கத்துக் காட்டுக்குள் ஒரு பள்ளமாக மட்டும் மிஞ்சியிருப்பது சாதாரணம்.

ஒரு கல்லை வைத்துப் பார்ப்போம்

கெட்டிஸ்பர்க் ஊரிலிருந்து மேற்கே ஏறத்தாழ மூன்று மைல், சேம்பர்ஸ்பர்க் நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு சிறு கல் இருக்கிறது. இன்றைய ரூட் 30. வண்டிகள் விரைந்து போகும் சாலை அது. கல்லில் உள்ளது இவ்வளவுதான்: கெட்டிஸ்பர்க்கின் முதல் குண்டு, 1863 ஜூலை 1, காலை 7.30. சுட்டவர் கேப்டன் ஜோன்ஸ், சார்ஜண்ட் ஷேஃபரின் கார்பைன் துப்பாக்கியால். எட்டாம் இல்லினாய் குதிரைப்படை, ஈ கம்பெனி. 1886இல் ஜோன்ஸும் ரிட்லரும் ஷேஃபரும் நிறுத்தியது.

மேலே சொன்ன முறையில் இதைப் படிக்கலாம். கடைசி வரி முதலில்: 1886, சம்பவம் நடந்து 23 ஆண்டுக்குப் பிறகு. நிறுத்திய மூவரில் சுட்டவரும் துப்பாக்கிக்காரரும் உண்டு. ஆக இது நடுநிலையான ஒருவரின் சாட்சியம் அல்ல. உரிமை கோருகிறவர்களின் வாக்குமூலம். அதனாலேயே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் ஏன் கல் நட நேர்ந்தது என்று கேட்டால் கதை விரியும். அன்று விடியலில் வேறு காவல் வீரர்களும் தென்தரப்பை எதிர்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் நியூயார்க் குதிரைப்படையினர் முதல் மோதல் தங்களுடையதே, அதுவும் இன்னும் சீக்கிரமே நடந்தது என்றார்கள். போட்டி இருந்தது, கல் அந்தப் போட்டிக்கான பதில்.

பதவியைப் பாருங்கள். கல்லில் 'கேப்டன்' ஜோன்ஸ். அந்தக் காலையில் மார்செல்லஸ் ஜோன்ஸ் லெப்டினன்ட்தான். கேப்டன் ஆனது பிறகு. நட்ட காலத்துப் பதவி சண்டைக் காலத்துக்குள் நுழைந்துவிட்டது. இது ஏமாற்று அல்ல, அக்காலப் பழக்கம். பழைய பலகைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். அதனால் ஒருவரின் பதவியைப் பலகையிலிருந்து எடுத்து எழுதும் முன், அந்தத் தேதியில் அவர் என்னவாக இருந்தார் என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரத்தையும் அப்படியே. '7.30' என்று துல்லியமாக இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் பொது நேரம் என்ற ஏற்பாட்டை ரயில்வேக்கள் கொண்டுவந்ததே 1883 நவம்பரில்தான். போரின்போது ஒவ்வொரு அதிகாரியின் சட்டைப்பைக் கடிகாரமும் தனி நேரம் காட்டியது. இரண்டு பலகைகள் ஒரே நிகழ்வுக்கு அரை மணி வித்தியாசமாக நேரம் சொன்னால், இரண்டும் அவரவர் கடிகாரப்படி சரியாக இருக்கலாம். நிகழ்ச்சிகளின் வரிசையை நேரத்தை வைத்து அடுக்காமல், 'இதற்குப் பிறகு இது' என்ற தொடர்பை வைத்து அடுக்குவதே பாதுகாப்பான வழி.

இப்போது கல் நிற்கும் இடம். இது ஒரு முகடு. மேற்கே பார்த்தால் சாலை இறங்கி மறுபடி ஏறுவது தெரியும். அந்தச் சாலையில்தான் தென்தரப்பு ஜெனரல் ஹெத்தின் டிவிஷன் வந்துகொண்டிருந்தது. ஊருக்கு இவ்வளவு வெளியே குதிரைப்படைக் காவல் ஏன் போட்டார்கள் என்பதை எந்த உரையும் விளக்க வேண்டாம். முகட்டில் நின்று பார்த்தாலே புரிகிறது. எதிரியைத் தூரத்திலேயே கண்டு, சுட்டு, அவர்களை அணி விரிக்க வைத்து, பின்வாங்கி, அடுத்த முகட்டில் மறுபடியும் அதையே செய்து நேரம் சம்பாதிப்பதுதான் அன்று வடதரப்பு ஜெனரல் பியூஃபோர்டின் குதிரைப்படைக்கு வேலை. பின்னால் காலாட்படை வந்து சேரும்வரை அது நடந்தது. ஒரு கல்லின் மதிப்பில் பாதி, அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் இடத்தில்தான் இருக்கிறது.

எழுதியவர் யார் என்பது ஏன் முக்கியம்

ஷைலோ களத்தின் தகடுகளுக்கு உரை எழுதியவர் டேவிட் ரீட். பன்னிரண்டாம் அயோவா ரெஜிமெண்ட்டில் அங்கே சண்டையிட்டவர். அவருடைய ரெஜிமெண்ட் நின்ற இடம் 'ஹார்னெட்ஸ் நெஸ்ட்' எனப் புகழ்பெற்றது. 1862 ஏப்ரல் 6 அன்று வடதரப்பைக் காப்பாற்றியது அந்த இடமே என்ற வலுவான கதை அவர் காலத்தில் நிலைபெற்றது. பிற்கால ஆய்வாளர்கள் களத்தின் மற்ற பகுதிகளிலும் அதே அளவு, சில இடங்களில் அதைவிடக் கடுமையான சண்டை நடந்ததைக் காட்டி, அந்தக் கதையைத் திருத்தினார்கள். ரீட் பொய் சொல்லவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து பார்த்தார். அவருடைய உழைப்பு இல்லையென்றால் ஷைலோவில் பாதி இடங்கள் அடையாளமே இல்லாமல் போயிருக்கும்.

கெட்டிஸ்பர்க்கில் ஒரு கல்லை எங்கே நடுவது என்பதற்காக வழக்கே நடந்தது. களத்தை நிர்வகித்த சங்கம், ரெஜிமெண்ட் தன் சண்டை வரிசையில் முதலில் நின்ற இடத்தில்தான் நினைவுக்கல் வர வேண்டும் என்று விதி வைத்திருந்தது. எழுபத்திரண்டாம் பென்சில்வேனியா வீரர்கள், ஜூலை 3 அன்று தாங்கள் கற்சுவர்வரை முன்னேறிப் போரிட்டதாகவும், கல் அங்கேயே வர வேண்டும் என்றும் வழக்காடினார்கள். 1891இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. துப்பாக்கியைத் தலைகீழாய்ப் பிடித்து ஓங்கும் வீரனின் சிலை சுவரருகே நிற்பது அந்தத் தீர்ப்பினால்தான்.

இவை வீரர்களின் தன்மானம் சார்ந்தவை. இன்னும் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. தென் மாநிலங்களில் 1900 முதல் 1960கள்வரை வைத்த பல பலகைகளில், போருக்குக் காரணமான அடிமைமுறை பற்றிப் பேச்சே இருக்காது. 'மாநிலங்களுக்கிடையிலான போர்' என்ற சொற்றொடரும், தென்தரப்பின் வீரத்தைப் போற்றும் நடையும் இருந்தால், கடைசி வரியில் 'யுனைடெட் டாட்டர்ஸ் ஆஃப் த கான்ஃபெடரசி' என்ற பெயரை எதிர்பார்க்கலாம். 1894இல் தொடங்கிய மகளிர் அமைப்பு அது. தோற்ற தரப்பின் நோக்கத்தை உயர்வாகக் காட்டும் நினைவுச் சின்னங்களை ஊர் ஊராக வைத்தது. தோட்ட வீடுகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களை 'வேலையாட்கள்' என்று எழுதிய பலகைகளும் உண்டு. இவற்றில் தேதியும் படைநகர்வும் சரியாக இருக்கக்கூடும். ஆனால் யாருடைய போர், எதற்காக என்ற கேள்விக்கு இவற்றை நம்பக் கூடாது. இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம்: ஒரு பலகையில் எது இல்லை என்று பார்ப்பது, இருப்பதைப் படிப்பதற்கு நிகரான வேலை.

வடதரப்பில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். பழைய பலகைகளில் அவர்களைத் தேடினால் கிடைப்பது குறைவு. ரிச்மண்டுக்குத் தென்கிழக்கே நியூ மார்க்கெட் ஹைட்ஸில் 1864 செப்டம்பர் 29 அன்று நடந்த தாக்குதலுக்காக 14 கறுப்பின வீரர்கள் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றார்கள். இன்று ரூட் 5 ஓரத்தில் அதற்கு மாநிலப் பலகை உண்டு. 'யு.எஸ்.சி.டி.' என்ற நான்கு எழுத்துகளைப் பலகையில் பார்த்தால், அது கறுப்பின வீரர்களின் ரெஜிமெண்ட் என்று பொருள்.

எழுத்தைப் படிக்கும் முன்பே வடிவம் சொல்வது

பெரிய களங்களில் வடிவத்துக்கும் நிறத்துக்கும் ஒரு இலக்கணம் உண்டு. கெட்டிஸ்பர்க்கின் பிரிகேடு தகடுகளில், பீடம் சதுரமாக இருந்தால் வடதரப்பு, வட்டமாக இருந்தால் தென்தரப்பு. தூரத்திலிருந்தே தெரியும். நினைவுக்கல்லின் இரு பக்கமும் சற்றுத் தள்ளி முழங்கால் உயரத்தில் 'எல்.எஃப்.', 'ஆர்.எஃப்.' என்று பொறித்த குட்டிக் கற்கள் இருக்கும். அந்த ரெஜிமெண்ட் வரிசையின் இடது முனையும் வலது முனையும் அவை. இரண்டுக்கும் நடுவே நடந்து பாருங்கள். முந்நூறு பேர் தோளோடு தோள் நின்றால் எவ்வளவு நீளம் என்பது எந்தப் படத்தையும்விடத் தெளிவாகும்.

ஷைலோவில் வடதரப்பின் டென்னஸிப் படைக்கு நீலம், ஒஹாயோப் படைக்கு மஞ்சள், தென்தரப்புக்குச் சிவப்பு. சதுரத் தகடு முதல் நாள் சண்டை, நீள்வட்டத் தகடு இரண்டாம் நாள். கூடாரம்போல் கூம்பிய தகடு, அது முகாம் இருந்த இடம். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு போனால் ஒரு நாளில் முடிக்கலாம். தெரியாமல் போனால் நூற்றுக்கணக்கான தகடுகள் நடுவே தலை சுற்றும்.

பீரங்கிக் குழல்களும் பேசும். ஆன்டீட்டத்தில் வாய் கீழாகக் கல்லில் புதைத்த பீரங்கிக் குழல் ஒரு ஜெனரல் மாண்ட அல்லது மரண காயம்பட்ட இடம். அப்படி ஆறு உண்டு. கெட்டிஸ்பர்க்கில் வாய் மேலாக நிமிர்த்திய குழல் தலைமையகம் இருந்த இடம். களத்துக்குக் களம் இலக்கணம் மாறும், ஆகவே முதலில் பார்வையாளர் மையத்தில் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பூங்காவே இல்லாத களங்களும் உண்டு. 1864 ஜூலை 22இல் அட்லாண்டாவுக்காக நடந்த சண்டையின் களம் முழுக்க இன்று குடியிருப்பும் நெடுஞ்சாலையும். ஜெனரல் மெக்பர்சன் கொல்லப்பட்ட இடத்தில் வீடுகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு பீரங்கிக் குழலும், தெருவோரப் பலகைகளும்தான் மிச்சம். ஃபேர்ஃபாக்ஸின் ஆக்ஸ் ஹில்லில் 1862 செப்டம்பர் 1 அன்று இடிமழையில் நடந்த சண்டைக் களத்தில் ஐந்து ஏக்கருக்கும் குறைவான பூங்காவே தப்பியது. அங்கே கியர்னி, ஸ்டீவன்ஸ் என்ற இரு ஜெனரல்களுக்கு 1915இல் நட்ட இரு கற்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் பலகை போனால் சண்டை நடந்த அடையாளமே போய்விடும். எங்கள் கணிப்பில், பெரிய பூங்காக்களின் நினைவுச் சின்னங்களைவிட அதிகக் கவனம் தேவைப்படுவது இவற்றுக்குத்தான்.

எப்படிச் செய்கிறார்கள், எதனால் கெடுகிறது

கம்பத்துப் பலகைகள் பெரும்பாலும் மணல் வார்ப்பில் செய்த அலுமினியம். ஒஹாயோவின் மரியெட்டாவில் 1927இல் தொடங்கிய சீவா ஸ்டுடியோஸ் பல மாநிலங்களுக்கு இவற்றை வார்த்துக் கொடுத்துவருகிறது. உரை இறுதியானதும் எழுத்துகளை ஒரு பலகையில் வரிசையாக ஒட்டி மாதிரி செய்வார்கள். அதை ஈர மணலில் அழுத்தி அச்சு எடுத்து, மாதிரியை உருவிவிட்டு, உருக்கிய அலுமினியத்தை ஊற்றுவார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். ஊற்றும்போது அதைவிடச் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மெல்லிய எழுத்துகளின் மூலைவரை ஓடாமல் உறைந்துவிடும். ஆறியபின் மணலைத் தட்டி, பிசிறைத் தேய்த்து, வண்ணப் பூச்சு ஏற்றி, மேடான எழுத்துகளின் முகத்தில் மட்டும் வேறு நிறம் பூசுவார்கள்.

எழுத்து உலோகத்தோடு ஒன்றாக வார்க்கப்பட்டது என்பதில் ஒரு நன்மையும் ஒரு கேடும் உண்டு. வண்ணம் முழுக்க உரிந்தாலும் படிக்கலாம். ஆனால் ஒரு தேதி தவறாகிவிட்டால் திருத்த வழியில்லை, முழுப் பலகையையும் மறுபடி வார்க்க வேண்டும். அதனால்தான் மாநில அமைப்புகள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் கேட்டு, பல சுற்றுப் பார்த்தபிறகே உரையை ஒப்புக்கொள்கின்றன. புதிய பலகைக்கான செலவை, சில ஆயிரம் டாலர், பெரும்பாலும் முன்மொழிகிறவரே தர வேண்டும். இதன் பக்க விளைவு ஒன்று உண்டு. பணமும் ஆர்வமும் உள்ள குழுக்களின் வரலாறு சீக்கிரம் கம்பமேறும், மற்றவை காத்திருக்கும்.

சேதத்துக்குக் காரணம் பெரும்பாலும் வண்டிகள்தான். தடம் தவறிய கார், புல் வெட்டும் எந்திரம், பனி தள்ளும் லாரி. அடுத்தது உலோகத் திருட்டு. வடக்கே குளிரில் மண் உறைந்து விரிவதால் ஆழம் போதாத கம்பங்கள் சாய்கின்றன. சாய்வான விளக்கப் பலகைகளுக்கு எதிரி வெயில். நிறம் வெளுத்து வரைபடத்தில் சிவப்பும் நீலமும் பிரித்தறிய முடியாமல் போகும். அப்போது இரு தரப்பும் ஒன்றாகத் தெரியும்.

பழைய பலகையைத் துலக்க நினைப்பவர்கள் கம்பி பிரஷ், அமிலம், அதிக அழுத்தத் தண்ணீர் மூன்றையும் தொடக் கூடாது. மென்மையான பிரஷ், வீரியமில்லாத சோப்பு, நிறையத் தண்ணீர் போதும். அதுவும் பலகைக்குச் சொந்தமான அமைப்பின் அனுமதியோடு. வெண்கலத் தகடுகளின் பச்சைப் படிவைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து தேயும். அவற்றை மெழுகிட்டுக் காப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

நேரில் போகும்போது

கிளம்பும் முன், 'ஹிஸ்டாரிகல் மார்க்கர் டேட்டாபேஸ்' என்ற இணையத் தொகுப்பில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். உரை, படம், இருப்பிடம் மூன்றும் பெரும்பாலும் கிடைக்கும். உரையை வீட்டிலேயே படித்துவிட்டால், அங்கே போய் நிலத்தைப் பார்க்க நேரம் இருக்கும். இலை உதிர்ந்த காலம், டிசம்பர் முதல் மார்ச் வரை, நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கச் சிறந்தது. கோடையில் மரங்கள் மறைத்துவிடும். அன்று வயலாக இருந்த இடம் இன்று காடாகவோ, காடாக இருந்தது இன்று வயலாகவோ இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். யாருக்கு யார் தெரிந்தார்கள் என்பதே அதனால் மாறும்.

எல்லாப் பலகைக்கும் வண்டி நிறுத்த இடம் இருக்காது. விரைவுச் சாலையின் ஓரத்தில் திடீரென்று நிறுத்த வேண்டாம். அடுத்த திருப்பத்தில் நிறுத்தி நடந்து வரலாம், அதற்கும் வழியில்லையென்றால் படத்தோடு திருப்தி அடைவதே சரி. பலகைக்குப் பின்னாலுள்ள நிலம் பெரும்பாலும் தனியாருடையது. வேலியைத் தாண்டக் கூடாது. தேசியப் பூங்கா நிலத்தில் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதும், தரையில் கிடக்கும் ஈயக் குண்டையோ பொத்தானையோ எடுத்துவருவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மழைக்குப் பிறகு குண்டு ஒன்று கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தைப் படமெடுத்துக் காவலரிடம் சொல்லுங்கள். அது எந்த இடத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால், அந்தக் குண்டு ஆய்வாளருக்கு எதையும் சொல்லாது.

சாய்ந்த, உடைந்த, காணாமல்போன பலகையைக் கண்டால் அதன் கடைசி வரியிலுள்ள அமைப்புக்கே எழுதுங்கள். வர்ஜீனியாவில் மாநில வரலாற்று வளத் துறை, பென்சில்வேனியாவில் மாநில வரலாறு–அருங்காட்சியக ஆணையம், ஜார்ஜியாவில் ஜார்ஜியா ஹிஸ்டாரிகல் சொசைட்டி. கம்பம் மட்டும் நின்று தகடு இல்லையென்றால், இணையத் தொகுப்பில் பழைய படத்தைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்கலாம். எண், சாலையின் பெயர், அருகிலுள்ள சந்திப்பு, தேதியிட்ட படம் ஒன்று: இவ்வளவும் இருந்தால் அவர்கள் வேலையைத் தொடங்க முடியும்.